இரண்டு டிகிரி ஆப்பு

பழைய கார்களை ரசிக்கிறவர்கள் பித்தளை விளக்கையும் நீண்ட பானெட்டையும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி என்ஜினைப் பார்க்கிறார்கள். குனிந்து முன் அச்சைப் பார்க்கிறவர்கள் அரிது. பார்ப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லைதான். குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கிங்பின். கிங்பின்னில் திரும்பும் ஸ்டப் ஆக்சில்கள், அவை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டை ராட், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க், மேலே கமான் பட்டை. எல்லாவற்றின் மேலும் கிரீஸும் சேறும் அப்பியிருக்கும். 1920-களின் மோட்டார் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்த சிக்கல் இந்த அழுக்குக்குள்தான் குடியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவும் தீர்க்கவும் அவர்கள் கையாண்ட நுணுக்கங்கள், என் கணக்கில், அந்தக் காலத்து எந்த என்ஜினின் அழகுக்கும் குறைந்தவை அல்ல.

சிக்கல் இதுதான். வண்டி மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். இடது முன்சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கும். அடுத்த நொடியே முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக வலமும் இடமும் உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் வீல் கையைப் பிடுங்கும். மட்கார்டும் விளக்கும் ரேடியேட்டரும் தனித்தனியாக ஆடும். மேடு எப்போதோ பின்னால் போயிருக்கும், உதறல் மட்டும் நிற்காது. வேகத்தை நன்றாகக் குறைத்தால், சில வண்டிகளில் அடியோடு நிறுத்தினால்தான், அடங்கும். மறுபடி கிளப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். அமெரிக்கர்கள் அப்போது கொடிகட்டிப் பறந்த ஒரு நடனத்தின் பெயரால் இதை ஷிம்மி என்றார்கள். நம்மூர்ப் பட்டறையில் வாப்ளிங்.

மேடு போன பிறகும் ஆட்டம் ஏன் நிற்கவில்லை என்பதுதான் இதில் சுவையான கேள்வி. ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதோடு மேட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆட்டத்துக்குத் தீனி போடுவது வண்டியின் ஓட்டமேதான். முன்னோக்கிப் போகும் சக்தியில் ஒரு பங்கைச் சக்கரங்கள் திருடிப் பக்கவாட்டு ஆட்டமாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. எங்கே திருடுகின்றன, எந்த வழியாகத் திருடுகின்றன என்று பார்க்கப் போனால், முதலில் சுழலும் சக்கரத்தின் குணத்தைப் பார்க்க வேண்டும்.

சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால், சாயும் பக்கமாகவே அது மூக்கைத் திருப்பும். கையை விட்டு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வலது பக்கம் உடம்பைச் சாய்த்தால் முன்சக்கரம் தானாக வலப்பக்கம் திரும்பும். (சைக்கிளில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் குணம் இதுதான்.) இப்போது ஒற்றைத் தண்டில் கட்டுண்ட இரண்டு சக்கரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடது சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முழுவதும் வலப்பக்கம் சாய்கிறது, கூடவே இரு சக்கரங்களும் சாய்கின்றன. சாய்ந்ததால் இரண்டும் வலப்பக்கம் திரும்புகின்றன. திரும்பும் அந்த வேகத்துக்கு எதிர்வினையாகத் தண்டு இடப்பக்கம் சாய்க்கப்படுகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பம் தண்டை மறுபடி வலப்பக்கம் சாய்க்க வேண்டும். அச்சின் துள்ளலும் சக்கரத்தின் திருப்பலும் ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகின்றன. ஒரு சக்கரம் துள்ளுவதை இன்னொரு சக்கரத்திடம் உடனே போய்ச் சொல்லிவிடுகிற அந்த இரும்புத் தண்டுதான் இதில் தரகர்.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 30 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 94 அங்குலம். மணிக்கு 40 மைல் வேகத்தில் அது நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். சக்கரத்தில் ஓரிடம் மட்டும் கனமாக இருந்தால், நொடிக்கு ஏழரை முறை அச்சுக்கு ஓர் உதை விழுகிறது. அச்சுக்கும் கமானுக்கும் டயருக்குமாகச் சேர்ந்து இயல்பாகவே ஒரு துள்ளல் வேகம் இருக்கிறது. உதையின் வேகமும் அதுவும் ஒத்துப்போகும் இடத்தில் ஆட்டம் பிடித்துக்கொள்ளும். ஐந்து மைல் கூட்டினாலோ குறைத்தாலோ விலகிவிடும். அந்தக் கால ஓட்டுநர்கள் சிலர் வாப்ளிங் வரும் வேகத்தை மனப்பாடமாக வைத்திருந்து, அதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். அதை மருத்துவம் என்று சொல்ல முடியாது. நோயோடு வாழப் பழகிக்கொள்வது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்து கேஸ்டர். இதற்கு ஃபோர்டு மாடல் டி-யைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அதன் முன் அச்சில் ஒளிவு மறைவே இல்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குறுக்காக ஒரே ஒரு கமான். அச்சின் இரு முனையிலிருந்தும் பின்னோக்கிப் போய் என்ஜினுக்கு அடியில் ஒரு குண்டு மூட்டில் சேரும் கவட்டைக் கம்பி. அச்சு நிமிர்ந்து நிற்பதில்லை, ஏறக்குறைய ஐந்தரை டிகிரி பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இந்தச் சாய்வுதான் கேஸ்டர். கிங்பின்னின் தலை பின்னால், கால் முன்னால். அந்தச் சாய்வுக் கோட்டை மனதுக்குள் நீட்டிப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சாலையைத் தொடும். ஆகவே டயர் எப்போதும் தன் திருப்பு மையத்துக்குப் பின்னால் இழுபட்டபடி வருகிறது. இழுபடுகிற பொருள் இழுக்கும் திசைக்கு நேராகத் தானே வந்துவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது இதனால்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது கணக்கு தலைகீழாகும். பின்னால் இழுபட்ட டயர் இப்போது முன்னால் தள்ளப்படுகிறது. மாடல் டி-யைப் பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதனால்தான்.

அதே வண்டியில் இன்னொரு நயம். முன்னால் நின்று பார்த்தால் சக்கரங்களின் மேல்பகுதிகள் அகன்றும் அடிப்பகுதிகள் நெருங்கியும் இருக்கும். மேலே உள்ள இடைவெளி கீழே உள்ளதைவிட சுமார் 3 அங்குலம் அதிகம். முதல் தடவை பார்க்கிறவர்கள் அச்சு வளைந்துபோயிருக்கிறது என்று நினைப்பார்கள். வேண்டுமென்றே வைத்ததுதான். சக்கரத்தின் அடி உள்நோக்கி வருவதால், டயர் தரையைத் தொடும் இடம் கிங்பின்னுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வந்துவிடுகிறது. கல்லில் மோதினால் அந்த மோதலுக்குச் சக்கரத்தைத் திருப்ப நெம்புகோல் நீளம் கிடைப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் சக்கரத்தை நிமிர்த்திவிட்டுக் கிங்பின்னை உள்பக்கம் சாய்த்து இதே பலனைப் பெற்றார்கள்.

மாடல் டி-யின் முன் அச்சைப் பிரித்துக் கோத்தவர்கள் செய்த ஒரு பிழை பிரசித்தம். கமானைத் தாங்கும் பெர்ச் எனும் துண்டுகளில் இடது எது, வலது எது என்று பார்க்காமல் மாற்றிப் போட்டுவிடுவார்கள். எல்லாம் சரியாகப் பொருந்தும், நட்டும் ஏறும். ஆனால் பின்பக்கம் சாய வேண்டிய அச்சு முன்பக்கம் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. உதிரிபாகம் எல்லாம் புதிது, வாப்ளிங் மட்டும் போகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேஸ்டர் குறைந்தால் வண்டி அலையும். அதற்காகக் கூட்டிக்கொண்டே போனால் ஸ்டீயரிங் கனக்கும். அதோடு சக்கரத்தை நேராக்கும் விசை அளவுக்கு மிஞ்சி, நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய்விடும். அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி தாண்டும். மணிக்கு 10, 15 மைலில் வரும் மெதுவான ஆட்டம் பெரும்பாலும் இந்த வகை. 40 மைலில் வருவது துள்ளலோடு கூடிய முந்தைய வகை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்து கொடுத்ததில் அந்தக் காலத்தில் நிறையக் காசு வீணாயிற்று.

இவ்வளவு வருஷம் ஆங்காங்கே தலைகாட்டிய நோய் 1920-களின் நடுவில் கொள்ளைநோயாக மாறியது. இரண்டு நல்ல காரியங்கள் ஒரே சமயத்தில் வந்ததுதான் காரணம். ஒன்று பலூன் டயர். 1923-ல் ஃபயர்ஸ்டோன் இதைக் கொண்டுவந்தது. அதுவரை ஒல்லியான டயரில் 55, 60 பவுண்டு காற்று அடித்துக்கொண்டிருந்தவர்கள், பருத்த டயரில் அதில் பாதி காற்றோடு மெத்தைமேல் போவதுபோலப் போக ஆரம்பித்தார்கள். இன்னொன்று முன்சக்கர பிரேக். அதுவரை பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக் இருந்தது. பயணிக்கு இரண்டும் வரம், முன் அச்சுக்கு இரண்டும் சாபம். பிரேக் டிரம்மும் பிளேட்டும் சேர்ந்து, கிங்பின்னைச் சுற்றி ஆடும் கனத்தைக் கூட்டின. பருத்த டயர் ஒரு மென்மையான ஸ்பிரிங்காக நடந்துகொண்டது. கனம் கூடி ஸ்பிரிங் இளகினால் ஆட்டத்தின் வேகம் குறையும். எப்போதோ எட்டும் வேகத்தில் வந்துகொண்டிருந்த நோய், அன்றாடம் ஓட்டும் வேகத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

பிரேக்கிடம் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்போது, சுழற்சி முழுவதும் அச்சின்மேல் முறுக்காக இறங்குகிறது. அச்சைப் பிடித்திருப்பது கமான் பட்டை மட்டும்தான். அது வளைந்துகொடுக்கும். அச்சின் தலை முன்பக்கம் சுருளும். பார்த்துப் பார்த்து வைத்த கேஸ்டர் அந்தக் கணத்தில் காணாமல் போகும், சில வண்டிகளில் எதிர்த்திசைக்கே போய்விடும். பிரேக் அழுத்தும்போது மட்டும் உதறும் வண்டியின் கதை இது. நின்ற வண்டியை எவ்வளவு அளந்தாலும் அகப்படாது.

பலூன் டயரின் மர்மத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் ப்ரூலியே. 1925-ல் அவர் ஷிம்மியைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்: பக்கவாட்டு விசை இருக்கும்போது காற்றடைத்த டயர் தான் பார்க்கும் திசையில் போவதில்லை. ரப்பர் பக்கவாட்டில் நெகிழ்ந்துகொடுப்பதால், முகம் ஒரு திசையிலும் பாதை சற்று விலகி இன்னொரு திசையிலும் இருக்கும். இன்று கார் ஓட்டத்தைப் பற்றிய எந்தப் பாடமும் இந்தச் சறுக்குக் கோணத்தில்தான் தொடங்குகிறது. அது இந்த உதறல் நோயைத் துரத்தப் போன இடத்தில் அகப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இதிலிருந்து பட்டறைக்கு ஒரு பாடமும் கிடைத்தது. நெகிழும் டயரில் பக்க விசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அதாவது டயரே தனக்குள் கொஞ்சம் கேஸ்டரை வைத்திருக்கிறது. ஒல்லி டயரில் இது சொற்பம், பலூன் டயரில் அதிகம். பழைய அச்சின் தாராளக் கேஸ்டரும் புது டயரின் சொந்தக் கேஸ்டரும் சேர்ந்தபோது அளவு மிஞ்சிவிட்டது. கம்பெனிகள் அச்சின் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தன. சிலர் ஏறக்குறைய சுழிக்கே கொண்டுவந்தார்கள்.

இனி நோயைக் கண்டறியும் கலை. நான் ரசித்துச் சொல்ல வந்ததே இதைத்தான்.

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பான். எந்த வேகத்தில் வருகிறது? மேட்டில் ஏறினால்தான் வருகிறதா, சும்மாவே வருகிறதா? பிரேக் அடிக்கும்போதா? ஆள் ஏறினால் கூடுகிறதா, குறைகிறதா? பிறகு டயர்க் காற்றைப் பார்ப்பான். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதன் பிறகே ஜாக்கி.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம், கையில் ஒரு சின்ன ஆட்டம். பிளே இருக்கிறது. ஆனால் எதில்? சக்கரத்து பேரிங்கிலா, கிங்பின்னிலா? கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முன்சக்கர பிரேக் உள்ள வண்டியானால், இங்கேதான் ஒரு பழைய தந்திரம். ஒருவரை வண்டியில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்துப் பார்ப்பது. பிரேக் பிடித்ததும் சக்கரமும் ஸ்டப் ஆக்சிலும் ஒரே கட்டியாகிவிடும், நடுவில் இருக்கும் பேரிங்குக்கு ஆட இடமில்லை. ஆட்டம் நின்றுபோனால் குற்றவாளி பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின். கருவி ஒன்றும் வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், ஒரு மிதி போதும். இதை முதலில் யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

அடுத்து சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைப்பது. இதில் வரும் ஆட்டம் டை ராட் முனைகளில். டிராக் லிங்குக்கு ஜாக்கி கூடாது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அகப்படாத தேய்மானம் விரலுக்கு அகப்படும். டிராக் லிங்கின் குண்டு மூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். பிளேயைப் போக்குகிறேன் என்று மூட்டின் மூடியை முழுக்க இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இருக்காது, சக்கரத்தின் ஒவ்வோர் அதிர்ச்சியும் அப்படியே பெட்டிக்குப் போகும். முழுக்க இறுக்கி, பிறகு பின் ஓட்டைக்கு நேராக வரும்வரை கொஞ்சம் தளர்த்திப் பின் போடுவதுதான் முறை.

கிங்பின் புஷ் மாற்றுவதில் இருக்கும் நேர்த்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே ஒரு வெண்கல புஷ், கீழே ஒன்று. தேயும்போது வட்டம் நீள்வட்டமாகிறது. புதிதாக அடித்த புஷ்ஷை ரீமரால் அறுத்துப் பொருத்த வேண்டும். அவசரக்காரர் மேலதைத் தனியாகவும் கீழதைத் தனியாகவும் அறுப்பார். இரண்டு துளையும் தனித்தனியே சரியாக இருக்கும், ஒரே நேர்கோட்டில் இருக்காது. பின் ஏறும், ஆனால் பிடித்துக்கொண்டு திரும்பும். நிதானக்காரர் நீண்ட ரீமரை ஒரு புஷ்ஷில் வழிகாட்டியாக விட்டு மற்றதை அறுப்பார். முடித்தபின் பின்னை எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தன் கனத்திலேயே விழுந்துவிட்டால் தளர்வு. சுத்தியல் கேட்டால் இறுக்கம்.

ஸ்டீயரிங் பெட்டியின் தேய்மானத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது, ஆகவே பற்கள் நடுவில் மட்டும் தேயும். நடுப் பிளேயைப் போக்க இறுக்கினால் ஓரங்களில் கடிக்கும். வெறும் கால்வட்டம் வைக்காமல் முழு வட்டப் பல்சக்கரம் வைத்த பெட்டிகள் சில உண்டு. அவற்றில் பல்சக்கரத்தைக் கழற்றி கால்வட்டம் திருப்பிப் போட்டால், இதுவரை வேலையே செய்யாத புதுப் பற்கள் நடுவுக்கு வந்துவிடும். வரைபலகையில் இருக்கும்போதே தேய்மானத்தை நினைத்துப் பார்த்து, மூன்று மாற்றுகளை உள்ளேயே வைத்து அனுப்பிய அந்த மனுஷனின் தொலைநோக்கை என்ன சொல்வது!

சக்கரத்தின் கோணலைப் பார்க்க ஒரு சாக்குக்கட்டி போதும். தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு, கையை ஒரு தாங்கியில் ஊன்றிக்கொண்டு சாக்குக்கட்டியை ரிம் ஓரத்துக்கு மெல்ல நெருக்கினால், புடைத்த இடத்தில் மட்டும் கோடு விழும். கம்பிச் சக்கரமானால் அங்கே ஸ்போக்கை முறுக்கி நேராக்கலாம். கனம் ஒருபக்கமாக இருப்பதைக் கண்டுபிடிக்க, சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தானே நிற்க விட வேண்டும். கனமான இடம் ஒவ்வொரு தடவையும் அடியில் வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஸ்போக்கில் ஈயக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை பார்ப்பார்கள்.

டோ-இன் அளவெடுப்பதில்தான் எனக்கு ஆக விருப்பமான சூட்சுமம். முன்சக்கரங்கள் முன்புறம் ஓர் இம்மி நெருங்கியிருக்க வேண்டும், எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்ற கணக்கில். ஓடும்போது சாலையின் இழுப்பு சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளி, மூட்டுகளில் உள்ள சொற்ப இடைவெளியை எடுத்துக்கொள்ளும். அப்போது அவை சரியாக இணையாகும். இந்த அளவை முன்னால் ஒருதரமும் பின்னால் ஒருதரமும் அளந்து கழித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ரிம்மிலேயே எட்டில் ஒரு பங்கு கோணல் இருந்தால், அளப்பது டோ-இன்னையா கோணலையா? அதனால் முன்புறம் அளந்த இடத்தில் இரண்டு டயரிலும் சாக்குக்கட்டியால் புள்ளி வைக்கிறார்கள். வண்டியைச் சக்கரம் சரியாக அரைச் சுற்று சுற்றும்வரை முன்னால் தள்ளுகிறார்கள். அதே புள்ளிகள் இப்போது பின்புறம் அதே உயரத்தில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே அளக்கிறார்கள். முதல் அளவிலிருந்த கோணல் இரண்டாம் அளவிலும் அப்படியே இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப்போகிறது. மிச்சம் நிற்பது சுத்தமான டோ-இன். ஒரு குச்சி, ஒரு சாக்குக்கட்டி, அரைச் சுற்று.

இத்தனையும் முடித்து, கமான் ஷேக்கிள்களையும் யு-போல்ட்டுகளையும் இறுக்கிய பிறகும் ஆட்டம் இருந்தால்தான் ஆப்பு. தேரோட்டத்தில் வடம்பிடிப்பவர் ஆயிரம்பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் கையில்தான் தேரின் போக்கு இருக்கிறது. கார் அச்சில் அந்த வேலையைச் செய்வது, கமானுக்கும் அச்சுக்கும் நடுவில் செருகும் இந்த மெல்லிய சாய்வுத் துண்டு. இரண்டு டிகிரி என்றால் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் சரிவு. கமான் அச்சுக்கு மேலே இருக்கும் வண்டியில் தடித்த முனையைப் பின்பக்கம் வைத்தால் கேஸ்டர் கூடும், முன்பக்கம் வைத்தால் குறையும். கமான் அச்சுக்குக் கீழே தொங்கும் வண்டியில் இது தலைகீழ். இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்க வேண்டும். மாறினால் கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.

ஆப்பு வைக்குமுன் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்காதவர்கள் ஏமாந்துபோவார்கள். மாடல் டி-யின் வீல்பேஸ் 100 அங்குலம். பின்புறம் 2 அங்குலம் தாழ்ந்தால் வண்டி முழுவதும் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாயும், கிங்பின்னும் அதே அளவு கூடுதலாகச் சாயும். பின் கமான் தளர்ந்துபோனதாலோ பின் சீட்டில் மூன்று கனமான மாமாக்கள் ஏறியதாலோ, வைக்காத ஆப்பு ஒன்று தானாகவே செருகப்படுகிறது. ஆள் ஏறினால் கூடுகிறதா என்று மெக்கானிக் முதலில் கேட்டது இதற்காகத்தான்.

சில வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தும் நோய் பிறவியிலேயே உண்டு. கமானின் முன்முனை சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டு, பின்முனை ஷேக்கிள் எனும் ஆடும் இணைப்பில் தொங்கினால், அச்சு முன்முனையை மையமாகக் கொண்டு வளைந்து ஏறி இறங்கும். டிராக் லிங்கோ பின்னாலிருக்கும் ஸ்டீயரிங் பெட்டியை மையமாகக் கொண்டு வளையும். இரண்டு வில்லும் எதிரெதிரே வளைகின்றன. ஒவ்வொரு குழியிலும் ஓட்டுநர் தொடாமலே ஸ்டீயரிங் திரும்பும். ஷேக்கிளை முன்முனைக்கு மாற்றினால் இரண்டு வில்லும் ஒரே பக்கம் வளையும், சண்டை தீரும். சில கம்பெனிகள் அப்படிச் செய்தன. பட்டறையில் செய்யக்கூடிய வேலை இல்லை இது. வரைந்தவர்தான் திருந்த வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தட்டுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு ஆட்டத்தை விழுங்கும் ஹார்ட்ஃபோர்டு வகையைச் சற்று இறுக்கினாலே பல வண்டிகளில் வாப்ளிங் மறைந்துவிடும். அதனாலேயே அது ஆபத்தானது. தேய்ந்த கிங்பின் தேய்ந்தபடியே இருக்க, அறிகுறி மட்டும் போய்விடும். பிளே எல்லாம் போக்கியபின் மிஞ்சும் துள்ளலுக்குத்தான் அதைத் தொட வேண்டும். பேக்கார்ட் 1930-களில் செய்ததை வேண்டுமானால் மெச்சலாம். முன் பம்பரின் இரு முனையிலும் ஸ்பிரிங்கில் ஆடும் கனமான எடைகளை ஒளித்துவைத்தார்கள். முன்பகுதி ஆடத் தொடங்கினால் எடைகள் எதிராக ஆடி அதை விழுங்கும். அழகுக்கு வைத்த பம்பர் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் இந்தக் கதையை முடித்துவைத்தது வேறு ஒரு ஆசை. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் கம்பெனிக்கு வந்த மாரிஸ் ஆலி, பயணம் அலுங்காமல் இருக்க என்ன வழி என்று தேடினார். எடைகளை நகர்த்தி நகர்த்திச் சோதிக்க ஒரு காரையே தயாரித்தார். முன் கமானைப் பின் கமானைவிட மென்மையாக்க வேண்டும் என்று விடை வந்தது. ஆனால் ஒற்றைத் தண்டு அச்சில் முன் கமானை அவ்வளவு மென்மையாக்கினால் ஷிம்மி கொன்றுவிடும். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். அவர் தண்டைக் கைவிட்டார். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றின் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கின. தரகர் போனதும் துள்ளலும் திருப்பலும் ஒன்றை ஒன்று வளர்ப்பது நின்றுபோனது. லான்சியா லாம்ப்டா கார் இதே விடையை, முன்சக்கர பிரேக்கோடு சேர்த்து, 1922-லேயே பாரிஸ் கண்காட்சியில் நிறுத்தியிருந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஃபோர்டு மட்டும் 1948 வரை தண்டு அச்சையும் குறுக்குக் கமானையும் விடவில்லை.

நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் இன்றைக்கும் முன்னால் தண்டு அச்சும் கிங்பின்னும் கமான் பட்டையும்தான். ஆகவே மேலே சொன்ன முறைகள் அருங்காட்சியகச் சரக்கு ஆகிவிடவில்லை. உங்களிடம் பழைய காரோ லாரியோ இருந்து, முன்சக்கரம் உதறினால், புது ஷாக் அப்சார்பர் வாங்கவோ ஆப்பு செருகவோ ஓடாதீர்கள். இரண்டு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். ஜாக்கியில் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்துக்கொண்டே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்.